நிதி நின்றதும் நிற்கும் திட்டங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொண்டு நிறுவனங்களின் ஊரக வளர்ச்சித் திட்டங்கள் தடுமாறுவதற்கு ஊழியர்களின் அக்கறையின்மையைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கென வரும் நிதி, கட்டுவதற்குக் கிடைக்கும் அளவுக்குப் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பதையே முதன்மைக் காரணமாகக் கருதுகிறேன்.

தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில், குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தால் நீர் இறைக்கும் ‘பிளேபம்ப்’ திட்டத்துக்கு 2006-இல் பெருந்தொகை அறிவிக்கப்பட்டது. குழந்தைகள் இல்லாத நேரத்தில் பெண்களே அந்தச் சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்தது. பழுதானால் உதிரிபாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பல இடங்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பை வேறு கழற்றிவிட்டிருந்தார்கள்! தண்ணீர் சுமப்பவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எத்தனை குழாய்கள் போடப்பட்டன என்று கேட்கும் நன்கொடையாளர்கள், ஐந்தாம் ஆண்டில் எத்தனையில் தண்ணீர் வருகிறது என்பதையும் அறிக்கையில் கேட்க வேண்டும்; அந்த ஆய்வுக்கான செலவையும் அவர்களே ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்