முன்பணம் வாங்கும் முன் பரிசோதனைத் தாளைக் காட்டுங்கள்

கோலாலம்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் கோலி நாய்க்குட்டிகளை வளர்த்து விற்கும் பிரீடர்களுக்கு வணக்கம்.

நான் செந்தூலில் ஒரு டெரஸ் வீட்டில் குடியிருக்கிறேன். 4 ஆண்டுகளுக்கு முன் உங்களில் ஒருவரிடமிருந்துதான் முத்துவை வாங்கி வந்தோம். நீண்ட ரோமமுள்ள ரஃப் கோலி, ஆண் குட்டி. விலையைப் பேசினோம், நிறத்தைப் பேசினோம், 500 ரிங்கிட் முன்பணம் கொடுத்தோம். தாய் தந்தைக்கு என்னென்ன பரிசோதனை செய்திருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

ஆறாவது மாதத்தில் முத்துவுக்குச் சொறி வந்தது. காதோரமும் முழங்காலும் முடி கொட்டிச் சிவந்துவிட்டன. விற்றவருக்கே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டோம். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்தை இத்தனை மில்லி வாயில் விடுங்கள் என்றார். “என் ஜெர்மன் ஷெப்பர்டுக்கெல்லாம் இதுதான் கொடுக்கிறேன், ஒன்றும் ஆகாது.” நம்பிக் கொடுத்தோம். அன்று இரவே எச்சில் ஒழுக ஆரம்பித்தது. பின்னங்கால்கள் தள்ளாடின. விடியும்போது கண்மணிகள் விரிந்து கிடந்தன. என் பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவன் திரும்பவில்லை. மருத்துவமனையில் 11 நாள். இதற்கு முறிவு மருந்து கிடையாது. ட்ரிப் ஏற்றி, புண் வராமல் உடம்பைப் புரட்டிப் போட்டு, உள்ளே போனது தானாக வெளியேறும் வரை உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டியதுதான். பிழைத்துக்கொண்டான்.

அப்புறம் மருத்துவர் அவன் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுத்து வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார். எம்.டி.ஆர்.1 என்ற மரபணு இரண்டு பக்கமும் பழுது என்று முடிவு வந்தது. ஒன்று தாய் கொடுத்தது, இன்னொன்று தந்தை கொடுத்தது. அதாவது விற்றவர் வீட்டில் நாங்கள் கொஞ்சிவிட்டு வந்த இரண்டு நாய்களிடமுமே அந்தக் குறை இருந்திருக்கிறது. ஒரு பஞ்சுக் குச்சியில் தெரிந்திருக்க வேண்டிய செய்தி, 11 நாள் வேதனைக்குப் பிறகு எங்களுக்குத் தெரிந்தது.

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூளைக்குள் நுழையும் சில மருந்துகளை வெளியே தள்ளிவிட உடம்பில் ஒரு புரதம் காவல் இருக்கிறது. எம்.டி.ஆர்.1 பழுதானால் அந்தக் காவல் இல்லை. மருந்து மூளையிலேயே தங்கிவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2001இல் இதைக் கண்டறிந்தார்கள். 10 கோலிகளில் 7க்கு ஒரு பக்கமாவது இந்தப் பழுது இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஐவர்மெக்டின் மட்டுமில்லை. வயிற்றுப்போக்குக்கு நாம் வீட்டில் வைத்திருக்கும் லோப்பரமைட் மாத்திரை, மயக்கத்துக்கு முன் கொடுக்கும் அசெப்ரோமசின், புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் எல்லாமே இந்த நாய்களுக்கு ஆபத்தாகலாம். இதைக் கேட்டுப் பயந்துபோய், கொசு பரப்பும் இதயப்புழுவுக்கான தடுப்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அதில் உள்ள ஐவர்மெக்டின் மிக மிகக் குறைவு, அட்டையில் போட்டிருக்கும் அளவில் கோலிக்கும் பாதுகாப்பானது. சொறிக்குக் கொடுப்பது அதைப்போல 50 மடங்குக்கு மேல். நம் ஊர்க் கொசுக்கடியில் அந்த மாத்திரை இல்லாமல் முடியாது.

அதனால் பழுதே இல்லாத குட்டிதான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழுதுள்ளவற்றையெல்லாம் ஒரேயடியாக ஒதுக்கினால் இனம் சுருங்கிப் போகும். வேறு நோய்கள் தலைதூக்கும். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எங்களுக்கும் எழுத்தில் தர வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். தாய், தந்தை இருவரின் எம்.டி.ஆர்.1 முடிவையும் முன்பணம் வாங்கும் முன் காட்டுங்கள். எங்கள் மருத்துவர் அதைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

கண் விஷயமும் அப்படித்தான். கோலிக் கண் கோளாறு என்று ஒன்று இந்த இனத்தில் மிகப் பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் லேசாகவே இருக்கும், சிலவற்றுக்கு விழித்திரை பிரிந்து பார்வையே போய்விடும். குட்டிக்கு 6 முதல் 8 வாரம் ஆகும்போது, கண்ணைப் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதைத் தாண்டினால் லேசான குறையை நிறமி மூடிக்கொண்டு கண் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். மரபில் அது அப்படியேதான் இருக்கும். எனவே இந்தப் பரிசோதனை உங்கள் கையில் குட்டி இருக்கும்போதே நடந்தாக வேண்டும். 3 மாதத்தில் வாங்கிப் போகிற நாங்கள் நினைத்தாலும் அதைச் செய்ய முடியாது.

எம்.கே.ஏ. சான்றிதழ் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறீர்கள். மலேசியன் கென்னல் அசோசியேஷன் தரும் அந்தத் தாள் வம்சாவளியைச் சொல்கிறது. அது வேண்டும்தான். ஆனால் கண்ணைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் அதில் எதுவும் கிடையாது.

நிறத்தை வைத்து விலை ஏற்றுவதை எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ப்ளூ மெர்ல், அதாவது நீலச்சாம்பலில் கருந்திட்டுகள் கலந்த நிறம், அழகுதான். ஆனால் மெர்லையும் மெர்லையும் சேர்த்தால், நான்கில் ஒரு குட்டி அந்த மரபணுவை இரண்டு பக்கமும் வாங்கிப் பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். செவிடாகவோ குருடாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஜோடியைச் சேர்க்காதீர்கள். வெளிர் சாம்பலாகப் பிறக்கும் கோலிக் குட்டியை அரிய நிறம் என்று சொல்லி விற்கவும் வேண்டாம். சில நாட்களுக்கு ஒரு முறை இரத்தத்தில் வெள்ளணு விழுந்துபோகும் நோய் அது. பெரும்பாலும் சிறு வயதிலேயே இறந்துவிடும். அதை வாங்கிப் போகிற வீட்டில் ஒரு குழந்தையும் இருக்கும்.

குட்டியை 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாயை எங்கள் கண்ணில் காட்டுங்கள். கார் நிறுத்துமிடத்தில் பெட்டியில் வைத்துக் கைமாற்றுவதை நிறுத்துங்கள்.

நீங்களும் எங்களைக் கேள்வி கேளுங்கள். இது ஸ்காட்லாந்து மலையில் ஆடு மேய்த்த நாய், இரண்டடுக்கு ரோமம். மத்தியானம் 33 டிகிரி அடிக்கிற ஊரில் வெளியே கூண்டில் கட்டிப்போட்டால் தாங்காது. காலை ஏழரைக்குள்ளும் இருட்டிய பிறகும்தான் நாங்கள் முத்துவை நடக்க விடுகிறோம்; பகலில் விசிறிக்கடியில், தரை ஓட்டில் படுத்திருப்பான். வெயில் என்று ரோமத்தை மழிக்கக் கூடாது, காதுக்குப் பின்னால் சிக்கு விழாமல் சீவ வேண்டும், நனைந்தால் அடிவரை உலர்த்த வேண்டும் என்பதை வாங்குகிறவரிடம் சொல்லி அனுப்புங்கள். கொண்டோவில் இருக்கிறவரா, நிர்வாகம் நாய்க்கு அனுமதிக்கிறதா, மாநகர் மன்ற உரிமம் எடுப்பாரா என்று கேளுங்கள். கோலி நிறையக் குரைக்கும். பக்கத்து வீட்டாரோடு சண்டை வந்து, ஓராண்டில் நாய் உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். வந்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்பதையும் விற்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

முத்துவை விற்றவர் சென்ற மாதம் புதிய ஈற்றுக் குட்டிகளின் படம் போட்டிருந்தார். தாய் அதே நாய்தான். மூக்கின் மேல் உள்ள வெள்ளைக் கோட்டை வைத்து என் பெண் அடையாளம் கண்டுபிடித்தாள். முத்துவின் பரிசோதனை முடிவை அன்றே அவருக்கு அனுப்பினேன். படித்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. ஐயா, அந்தக் குட்டிகளை வாங்கிப் போனவர்களின் எண்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. தயவுசெய்து இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
முத்துவின் வீட்டார், செந்தூல்