தூக்கிப் போட்டுவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முதுகுவலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். என் மூக்குக்கண்ணாடியின் பவர்தான் மறுபடி ஏறியிருக்கிறது.

மற்றதையெல்லாம் ஆற அமர எழுதுகிறேன். "பழைய சிடி எதுவும் லினக்ஸில் திறக்கவில்லை, எல்லாவற்றையும் தூக்கிப் போடப் போகிறேன்" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுத்தான் இந்த அவசரப் பதில். போட்டுவிடாதே. போன மாதம் நானும் ஒரு டப்பா சிடியோடு உட்கார்ந்தேன். முப்பத்தேழில் உண்மையாகவே கெட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான்.

நீ விண்டோஸ் பழக்கத்தில் 'டி:' மாதிரி டிரைவ் எழுத்தைத் தேடியிருப்பாய். லினக்ஸும் சேர்ந்த யூனிக்ஸ் உலகில் அது கிடையாது. டிரைவ் என்பது 'டெவ்' ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு சாதனக் கோப்பு. லினக்ஸில் எஸ்ஆர்0, ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் வகையில் சிடி0 என்று பெயர். டெஸ்க்டாப் தானாகத் திறக்காவிட்டால், மவுன்ட் கட்டளையால் அதை ஒரு காலி ஃபோல்டரோடு நாமே இணைக்க வேண்டும். காலி ஃபோல்டர் என்பது முக்கியம். நான் ஒரு தடவை என் ஆவணங்கள் இருந்த ஃபோல்டரிலேயே மவுன்ட் செய்துவிட்டு, இருந்ததெல்லாம் போச்சே என்று வியர்த்துப்போனேன். எதுவும் போகவில்லை, சிடிக்கு அடியில் மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

வருகிற செய்தியையும் நிதானமாகப் படி. எழுத முடியாத தட்டு, படிக்க மட்டும் மவுன்ட் செய்கிறேன் என்று சொன்னால் அது பிழையே இல்லை, வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். மீடியம் இல்லை (தட்டே தெரியவில்லை) என்றால் தட்டை நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து மறுபடி போட்டுப் பார். கோப்பு முறைமை (தட்டில் கோப்புகளை அடுக்கியிருக்கும் விதம்) தவறு என்று வந்தால் அது பாட்டு சிடியாக இருக்கலாம். பாட்டு சிடியில் கோப்பு முறைமையே கிடையாது. தலைகீழாக நின்றாலும் மவுன்ட் ஆகாது. அதற்கு சிடிபாரனாய்யா மாதிரி பாட்டைப் படித்தெடுக்கும் வேறு கருவி வேண்டும்.

நம் விடுதிப் படங்கள் இருந்த சிடி கொஞ்சம் ஆட்டம் காட்டியது. மவுன்ட் ஆனது, உள்ளே பார்த்தால் எல்லாப் பெயரும் வரிசையாகக் கேள்விக்குறி! 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660 என்ற சிடி கோப்பு முறைமைத் தரத்தின் அடிப்படை விதிப்படி பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் வரும் நீட்சிக்கு மூன்று, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். நீண்ட பெயருக்காக யூனிக்ஸ்காரர்கள் ராக் ரிட்ஜ் என்றொரு நீட்டிப்பைச் சேர்த்தார்கள், மைக்ரோசாஃப்ட் ஜோலியட் என்று இன்னொன்றைச் சேர்த்தது. நாம் விண்டோஸில் எழுதிய தமிழ்ப் பெயர்கள் ஜோலியட்டில் யூனிகோடாக (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடு) பத்திரமாகவே இருந்தன; என் கணினிக்குத்தான் அவற்றைக் காட்டத் தெரியவில்லை. மவுன்ட் கட்டளையில் 'ஐஓசார்செட்' விருப்பத்துக்கு யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவத்தைக் கொடுத்தேன். 'மொட்டைமாடி கூத்து 3' என்று நீ வைத்த பெயர் அப்படியே வந்து நின்றது.

வெளியே எடுக்கும்போது பொத்தானை அமுக்கிப் போராடாதே. மவுன்ட் ஆகியிருக்கும்வரை டிரைவ் பூட்டியிருக்கும். யுமவுன்ட் என்று அடி (அன்மவுன்ட் இல்லை, அந்தக் கட்டளையில் முதல் 'என்' கிடையாது). பிஸி என்று அடம்பிடித்தால் பெரும்பாலும் நீ கட்டளை அடிக்கிற டெர்மினலே அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருக்கும்.

சரி, கெட்டுப்போன அந்த ஒன்று எது தெரியுமா? நம் நாடக ஒத்திகை வீடியோ. கெட்ட தட்டிலிருந்து தரவை மீட்டு ஒரு இமேஜாக (தட்டின் முழு நகல் கோப்பு) எழுதும் குனு டிடிரெஸ்க்யூவை இரவு முழுக்க ஓடவிட்டேன். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அப்புறம்தான் கீறல் பக்கம் போகும். எதெது கிடைத்தது, எதெது கிடைக்கவில்லை என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே வரும். காலையில் பார்த்தால் 212 செக்டர் (தட்டின் சின்னத் துண்டு) பாக்கி. ஒரு செக்டர் 2048 பைட்தான், எல்லாம் சேர்ந்தும் அரை எம்பி தேறாது. ஆனால் நீ வசனத்தை மறந்து விழிக்கிற இடத்தில்தான் படம் உறைந்து நிற்கிறது!

அன்று ஒரே ஐஎஸ்ஓ இமேஜிலிருந்து இரண்டு சிடி எழுதி ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? உன் தட்டிலும் கீறல் இருக்கும், இருக்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அதே மேப் கோப்போடு உன் தட்டைப் போட்டால், பாக்கி இருக்கிற செக்டர்களை மட்டும் அதிலிருந்து எடுத்து என் இமேஜில் நிரப்பிவிடும். அப்புறம் அந்த இமேஜையே லூப் முறையில், அதாவது கோப்பையே ஒரு தட்டு போல, மவுன்ட் செய்து பார்த்துக்கொள்ளலாம், தட்டைத் தொடவே வேண்டாம்.

உன் தட்டில் பச்சை மார்க்கரில் தேதி எழுதியிருக்கும். அந்தத் தட்டை மட்டும் துடைக்காதே, டிரைவில் போட்டும் பார்க்காதே. கெட்டியான உறையில் வைத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்