ஃபார்மட் அடிக்கும் முன்: கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சர்வீஸ் கடை அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். என் சித்தி வீட்டுத் திண்ணையை ஒட்டி ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே தயாராகும். போன மாதம் புது டிசைன் மென்பொருள் ஒன்றைத் திறந்ததும், சிவப்புப் பெருக்கல் குறியோடு ஒரு பெட்டி வந்து நின்றது. விசிரன்டைம்140.டிஎல்எல் காணவில்லையாம். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். "விண்டோஸ் போயிடுச்சுக்கா, ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்றார்கள். டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டார்கள். சாயங்காலம் கணினி பளிச்சென்று வந்தது. டெஸ்க்டாப்பில் இருந்த ஆறு வருட டிசைன்கள் வரவில்லை.

அந்தப் பிழை விண்டோஸ் கெட்டுப்போனதற்கு அடையாளமே இல்லை. டிஎல்எல் என்பது தெருக்குழாய் மாதிரி, பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்பு. இந்தக் கோப்பு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பில் இருக்கிறது. அதன் எக்ஸ்64 (64 பிட்), எக்ஸ்86 (32 பிட்) வகைகள் இரண்டையும் போட்டு ஒரு ரீஸ்டார்ட் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. 64 பிட் கணினியிலும் 32 பிட் மென்பொருள் ஓடும், அதற்கு எக்ஸ்86 வேண்டும். அதனால்தான் இரண்டும்.

விண்டோஸின் சொந்தக் கோப்பே காணாமல் போயிருந்தால்கூட ஃபார்மட் கடைசிப் படிதான். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, விண்டோஸிலேயே இருக்கும் இரண்டு பழுதுபார்ப்புக் கட்டளைகளை ஓட்டுங்கள்: முதலில் டிஐஎஸ்எம் ரீஸ்டோர்ஹெல்த், அப்புறம் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். எஸ்எஃப்சி, விண்டோஸ் தனக்குள் வைத்திருக்கும் சேமிப்பிலிருந்து நல்ல பிரதியை எடுத்துப் போடும். அந்தச் சேமிப்பே பழுதாகியிருந்தால் டிஐஎஸ்எம் விண்டோஸ் அப்டேட்டிலிருந்து வாங்கிச் சரிசெய்யும். சில நேரம் ஆன்ட்டிவைரஸே கோப்பைப் பிடித்துக் குவாரன்டீனில் (தனியே பூட்டி வைக்கும் இடத்தில்) போட்டிருக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

தனி டிஎல்எல்லை ஏதோ ஒரு தளத்தில் இறக்கி விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் ஒட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பதிப்பு பொருந்தாது, வைரஸும் கூடவே வரலாம்.

சரி செய்த பிறகும் கோப்புகள் அடிக்கடி காணாமல் போனால் ஹார்ட் டிஸ்க் மீது சந்தேகப்படுங்கள். அப்போது எந்தச் சோதனைக்கும் முன்னால் டேட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். சாகப்போகிற டிஸ்க்கை ஓட்ட ஓட்ட, மிச்சமிருப்பதும் போய்விடும்.

கூட்டம் நிற்கும்போது ஒரு கணினியோடு மல்லுக்கட்ட நேரமிருக்காது என்பது எனக்குத் தெரியும். ஃபார்மட்டுக்கு வாங்கும் கூலியை இந்த வேலைக்கே வாங்கிக்கொள்ளுங்கள், சந்தோஷமாகத் தருவோம். ஃபார்மட்தான் வழி என்றால், "எந்த ஃபோல்டரெல்லாம் வேணும்?" என்று கேட்டு, வேறொரு டிரைவில் எடுத்து வைத்து, எங்கள் கண்ணெதிரே ஒன்றிரண்டைத் திறந்து காட்டுங்கள். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும், ஃபார்மட்டில் அழியும் அதே சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது சித்திக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

சித்தி இப்போது பழைய வாடிக்கையாளர் வீடுகளில் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொன்றாக மறுபடி டைப் அடித்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அவருடைய அக்கா மகன்