எங்கள் குசினித் தமிழைக் கழித்தல் கணக்கில் போடாதீர்கள்

கியூபெக் தேசிய சட்டமன்றத்தின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2021 குடிசனக் கணக்கெடுப்புப் படிவத்தை எங்கள் வீட்டில் குசினி மேசையில் வைத்துத்தான் நிரப்பினோம். மகள் கேள்விகளைப் பிரெஞ்சில் வாசித்தாள், நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி எது என்ற கேள்வி வந்ததும் அம்மா, "இதென்ன கேள்வி, தமிழ்தானே" என்றார். அப்படியே எழுதினோம். (குசினி என்பது எங்களுக்குப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். உங்கள் 'குவிசின்' அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி.)

அடுத்த ஆண்டு முடிவு வந்தது. கனடாவில் பிரெஞ்சு பேசுபவர்களே பெரும்பான்மையாக இருக்கும் இந்த மாகாணத்தில், வீட்டில் பெரும்பாலும் பிரெஞ்சு பேசுபவர்கள் 79 விழுக்காட்டிலிருந்து 77.5 ஆகக் குறைந்துவிட்டார்கள் என்று ஒரே கவலை. அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் முதல்வர் பிரான்சுவா லெகோ, இப்படியே போனால் காலப்போக்கில் கியூபெக், பிரெஞ்சு அநேகமாக மறைந்துபோன அமெரிக்க மாநிலமான லூசியானாவைப் போல் ஆகிவிடலாம் என்று எச்சரித்திருந்தார். ஆங்கிலத்தில் நாலு சொல் சேர்ந்தாற்போலப் பேசத் தெரியாத என் அம்மா, பிரெஞ்சைத் தேய்ப்பவர்களின் கணக்கில் நிற்கிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

உங்கள் பயத்தை நான் கேலி செய்ய வரவில்லை. 1956 இல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது என் அப்பா அரசாங்க எழுத்தர். சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் மேலே போகலாம் என்றார்கள். அவர் புத்தகம் வாங்கினார், கொஞ்சம் படித்தார், ஒரு நாள் மூடி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். மொழி மறைந்தால் என்ன மறையும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

உங்கள் கதையையும் இங்கே வந்த பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்ற 1759 ஆபிரகாம் சமவெளிச் சண்டையில் இரண்டு பக்கத்துத் தளபதிகளும் செத்ததை விட, 1839 இல் பிரித்தானிய அரசு அனுப்பிய டர்ஹாம் பிரபு எழுதிய அறிக்கைதான் எனக்குச் சுட்டது. வரலாறும் இலக்கியமும் இல்லாத மக்கள் என்று உங்களைப் பற்றி எழுதினார் அந்த மனிதர். ஆங்கிலத்தில் கரைந்துபோவதே உங்களுக்கு நல்லது என்பது அவர் முடிவு. அதையடுத்து, ஆங்கிலேயர் மாகாணத்தையும் பிரெஞ்சு மாகாணத்தையும் ஒன்றாக்க வந்த ஒன்றிணைப்புச் சட்டம் சட்டமன்றப் பதிவேடுகளிலிருந்து பிரெஞ்சைத் தள்ளிவைத்தது. 1848 இல்தான் அது திரும்பி வந்தது.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் ஒட்டாவாவின் கிக் பள்ளிக்கூடம். 1912 இல் ஒன்ராறியோ அரசு 17ஆம் ஒழுங்குவிதி என்று ஒன்றைக் கொண்டுவந்து, முதல் இரண்டு வகுப்புகளுக்கு மேல் பிரெஞ்சில் கற்பிப்பதை முடக்கியது. பியாட்ரிஸ், டியான் என்ற டெலோஜ் சகோதரிகள் கேட்கவில்லை, கற்பித்துக்கொண்டே இருந்தார்கள். 1916 தை மாதக் குளிரில் அவர்களைக் காக்க அந்த வட்டாரத்துத் தாய்மார் பள்ளிக்கூடத்தைச் சுற்றி நின்றார்கள். கையில் என்ன ஆயுதம் தெரியுமா? தொப்பி ஊசி. வீட்டில் கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பொலிஸ் வந்ததும் ஊசியை நீட்டியிருக்கிறார்கள். வீட்டு மொழி என்றால் என்ன என்று அந்தப் பெண்களிடம் கேட்டிருந்தால் என் அம்மா சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் 1960கள். இருமொழி விசாரணைக்குழு கணக்குப் பார்த்தபோது, கியூபெக்கில் 14 இனக்குழுக்களின் வருமானத்தை வரிசைப்படுத்தினால் பிரெஞ்சு மக்கள் 12ஆவது இடத்தில் இருந்தார்கள், தங்கள் சொந்த மாகாணத்தில். முதலாளிக்கு ஆங்கிலம், தொழிலாளிக்குப் பிரெஞ்சு. 'வெள்ளையாகப் பேசு', அதாவது ஆங்கிலத்தில் பேசு என்று உங்கள் தாத்தாமாரைப் பார்த்துச் சொன்னார்கள். இவ்வளவையும் படித்தவனுக்கு பள்ளிக்கும் வேலைக்கும் பிரெஞ்சை முதன்மையாக்க 1977 இல் வந்த 101ஆம் சட்டத்தின் மேல் கோபம் வராது. எனக்கு வரவில்லை.

அந்தச் சட்டப்படி என் பிள்ளைகள் இருவரும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், "பிள்ளைகளைக் கெடுக்கிறாய், இங்கே வந்துவிடு" என்று வருடக்கணக்காகத் தொலைபேசியில் சண்டை பிடித்தார். நாங்கள் நகரவில்லை. இன்றைக்கு அண்ணனும் தங்கையும் எங்கள் வீட்டில் அடித்துக்கொள்வது பிரெஞ்சில். மகன் கோபத்தில், இங்கத்தைய வழக்கப்படி, கத்தோலிக்கக் கோயில் பீடத்தையும் கிண்ணத்தையும் இழுத்துத் திட்டுவதைக் கேட்டால், அசல் கியூபெக்காரன் என்று நீங்களே சத்தியம் செய்வீர்கள். அப்பம்மாவிடம் திரும்பியதும் தமிழ். கணக்கெடுப்புக்குத் தெரிவது அந்தத் தமிழ் மட்டும்தானா?

நீங்கள் பிடித்திருக்கும் அளவுகோலே பிழை என்கிறேன். இந்த மாகாணத்தில் பிரெஞ்சில் உரையாடத் தெரிந்தவர்கள் 93 விழுக்காட்டுக்கும் மேல் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. கடை, வேலை, பள்ளிக்கூடம் என்று வெளியிடத்தில் எந்த மொழி ஓடுகிறது என்று உங்கள் மொழி அலுவலகமே ஆய்வு செய்கிறது. மேடையில் ஏறும்போது மட்டும் ஏன் எங்கள் குசினி எண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்?

இந்தக் கணக்கு எங்களுக்குப் பழையது. கியூபெக் கனடாவிலிருந்து பிரிவதா என்று வாக்கெடுப்பு நடந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நினைவிருக்கிறதா? 50.58 விழுக்காடு 'இல்லை', வித்தியாசம் 54,288 வாக்குகள். நான் 'இல்லை' என்றுதான் போட்டேன், அதை ஒளிக்கவில்லை. அப்போதுதான் ஒரு நாட்டின் கடவுச்சீட்டு கைக்கு வந்திருந்தது, அதற்கு என்ன ஆகுமோ என்ற பயம். பிரியக் கேட்டவர்கள் மேல் வெறுப்பு இல்லை. அந்த ஆசை எங்கள் ஊர்க்காரருக்குப் புதிதும் அல்ல. ஆனால் முதல்வர் ஜாக் பரிசோ மேடையேறி, தோற்றது பணத்தாலும் இன வாக்குகளாலும் என்றார். அன்று நான் ஒரு உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற சமையல்காரர், எனக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுத்த மனிதர், 'ஆம்' போட்டவர், வானொலியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் வெட்டினார். பரிசோ மறுநாள் விலகப்போவதாக அறிவித்தார். 'இன வாக்கு' என்ற அந்தச் சொல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இப்போது 96ஆம் சட்டம். புதிதாக வந்து குடியேறுபவருக்கு ஆறு மாதம் ஆனபின், சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் போக, அரசு பிரெஞ்சில் மட்டும்தான் எழுதும். ஆறு மாதம்! எனக்கு வினைச்சொல் திரிபே இரண்டு வருடம் எடுத்தது. அதுவும் இரவு வேலை முடித்து, காலை வகுப்பில் தூங்கி விழுந்து. அரசு அனுப்பும் கடிதத்தை வாசிக்க முடியாதவர் அதனால் பிரெஞ்சைக் காதலிக்க மாட்டார். பக்கத்து வீட்டில் ஆங்கிலம் தெரிந்த யாரையாவது தேடித்தான் போவார். அப்படிப் போகிறவரை ஆங்கிலத்தின் பக்கம் தள்ளிவிடுவது உங்கள் சட்டமேதான்.

சிங்களச் சட்டமும் உங்கள் சட்டமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இங்கே ஆங்கிலேயருக்குப் பள்ளிக்கூடம் உண்டு, பல்கலைக்கழகம் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. வட அமெரிக்கா முழுவதையும் விரித்துப் பார்த்தால் உங்கள் நிலைமை எங்கள் அப்பாவின் நிலைமைதான். ஆனால் இந்த மாகாணத்துக்குள் சட்டம் எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கிறது. எழுதும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறீர்கள்.

2017 இல் கடைக்காரர்கள் 'பொன்ஜூர், ஹாய்' என்று வரவேற்பதை விட்டு வெறும் 'பொன்ஜூர்' சொல்ல வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டீர்களே, அதற்கும் எனக்குச் சம்மதம்தான். எங்கள் தெருமுனைக் கடையில் அம்மா 'பொன்ஜூர்' என்றுதான் சொல்கிறார். பிறகு கடைக்காரத் தம்பியிடம் கருவேப்பிலை வந்ததா என்று தமிழில் கேட்கிறார்.

கேட்பது இரண்டே இரண்டு. ஆறு மாதக் கெடுவை எடுத்துவிட்டு, அந்தச் செலவில் மாலை நேர வகுப்புகளைக் கூட்டுங்கள். பிரெஞ்சின் நலத்தை அளக்கும்போது பள்ளிக்கூட முற்றத்துக்கும் வேலைத்தளத்துக்கும் போங்கள், எங்கள் குசினியை விட்டுவிடுங்கள்.

இந்த மடலை மகள் பிரெஞ்சில் பெயர்த்து உங்களுக்கு அனுப்புகிறாள். அதில் பிழை ஏதும் கண்டால் என்னைக் கேட்க வேண்டாம், நீங்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மொன்றியலில் 34 வருடமாக வரி கட்டும் ஒரு தமிழ்த் தகப்பன்