அம்மாவுக்கு, பினாங்கிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அப்பா, தங்கை, சின்ன அத்தை அனைவரின் நலமும் அறிய ஆவல்.

தங்கை கையெழுத்தில் நீங்கள் அனுப்பிய கடிதம் வந்து இருபது நாளாகிறது. தீபாவளிக்குக்கூட இரண்டு வரி எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பாயான் லெப்பாஸ் ஆலையில் இரண்டு மாதமாகக் கூடுதல் நேர வேலை இல்லை. அதனால் மாலையில் ஓய்வு கிடைக்கிறது, நல்லதுதான். அந்த நேரத்தை எல்லாம் ஓர் ஓணான் எடுத்துக்கொள்கிறது.

தெருப்பூனைகளுக்கு விடியற்காலையில் மீன்தலை வேகவைத்துப் போடும் கீழ்வீட்டுச் சீனப் பெரியவர்தான் அதைக் கொண்டுவந்தார். வீட்டைக் காலி செய்து போனவர்கள் கண்ணாடித் தொட்டியோடு விட்டுப்போன உயிர் அது. ஆஸ்திரேலியப் பாலைநிலத்து இனம்; மிரண்டால் கழுத்துத் தோலைத் தாடிபோல உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும். முதுகில் ரூபாய் நாணய அகலத்துக்குத் தோல் வெந்து, ஓரம் கறுத்து, நடுவில் நீர் கசிந்தது. உடம்புச் சூட்டைத் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிருக்கு விளக்கு வைக்கத்தான் வேண்டும். ஆனால் அதை மிகத் தாழ்வாகத் தொங்கவிட்டிருந்தார்கள். சூட்டை நாடிப் படுத்தது, தோல் வெந்த பிறகும் விலகவில்லை. வாலடியில் இருந்த சிறு புண்கள், தீனியாகப் போட்டு மிஞ்சிய சுவர்க்கோழிப் பூச்சிகள் கடித்தவை என்றார் மருத்துவர்.

அவர் சொன்னபடி போவிடோன் அயோடினைப் பால் விடாத தேநீரின் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து, பஞ்சால் ஒற்றி, உலர்ந்ததும் தீக்காயக் களிம்பைப் பூசுகிறேன். மணல் புண்ணில் ஒட்டும் என்பதால் அதை அள்ளிவிட்டு, தினமும் புதிதாக வெள்ளைக் காகிதம் விரிக்கிறோம். விளக்கை உயர்த்தி, அதனடியில் 40 டிகிரியும் மறுமுனையில் குளிர்ச்சியும் இருக்கும்படி வைத்தாயிற்று.

அப்பா மயிலைக் காளையின் கழுத்துப் புண்ணுக்குப் போட்ட வேப்பெண்ணெயைப் போடலாமா என்று கேட்டேன். எண்ணெய் எதுவும் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஆனாலும் களிம்பைத் தொடும்போதெல்லாம், அப்பா காளையின் திமிலைத் தட்டி "ஆகட்டும், ஆகட்டும்" என்பாரே, அதே சொல் என் வாயில் வருகிறது. நேற்று அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்மாய்க் கரையில் ஈர்க்குச் சுருக்குப் போட்டு நாங்கள் ஓணான் பிடித்ததும், நீங்கள் அழாத குறையாகத் தடுத்ததும் நினைவுக்கு வந்தன.

சென்ற வாரம் அது சட்டை உரித்தது. வெங்காயத் தோல்போலத் துண்டு துண்டாகக் கழன்றது. புண்ணின்மேல் ஒட்டியிருந்ததை மட்டும் நான் தொடவில்லை, இழுத்தால் புதுத்தோலும் சேர்ந்து வந்துவிடும். நான்காம் நாள் அது தானாக விழுந்தபோது அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருந்தது. முழுவதும் ஆற இன்னும் சில முறை சட்டை உரிக்க வேண்டுமாம்.

தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்களைத் தை வரை பொறுக்கச் சொல்லுங்கள். மேற்கு வயலை அடகு வைப்பது பற்றிச் சித்தப்பாவிடம் இப்போது பேச வேண்டாம். கூட்டுப் பட்டாவைப் பிரித்துத் தனிப்பட்டா வாங்கும்வரை அப்பா எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது. இம்மாதப் பணம் சற்றுக் குறைவாக வரும். முதலில் அப்பாவின் சர்க்கரை மாத்திரையை வாங்கிவிடுங்கள். கூரை ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் போட்டீர்களா என்பதையும், கிராம நிர்வாக அலுவலர் என்ன சொன்னார் என்பதையும் தங்கையை உடனே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்