மாத்திரை வாங்கும் நாளில் அரை ஷிப்டு தாருங்கள்: பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு வணக்கமுங்க.

நான் செக்கிங்கில், அதாவது துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் இருக்கிறவள். என் வீட்டுக்காரர் நல்ல ஓவர்லாக் டெய்லர். மனச்சிதைவு நோய் வந்த பிறகு, மெஷின் ஓடும் சத்தத்துக்குள் யாரோ தன்னைத் திட்டுவது போல அவருக்குக் கேட்க ஆரம்பித்தது. குறி கேட்டோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். கடைசியில் அரசு ஆஸ்பத்திரி மாத்திரைதான் அந்தச் சத்தத்தை அடக்கியது. இன்றைக்கு அவரே கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறார்.

அந்த மாத்திரை நிற்கக் கூடாதுங்க. நன்றாகத்தானே இருக்கிறார் என்று விட்டால் நோய் திரும்பிவிடும் ஆபத்து அதிகம். மனநலப் பிரிவில் காலையில் சீட்டுப் போட்டு, டாக்டரைப் பார்த்து, மருந்து வரிசையில் நின்று வெளியே வர மதியம் ஆகிவிடும். அன்றைக்கு அரை ஷிப்டு கேட்டால், முன்பு நான் இருந்த கம்பெனியில் "வந்தா முழுசா வா, இல்லாட்டி வராதே" என்றார் சூப்பர்வைசர். சனிக்கிழமைச் சம்பளத்தில் அரிசி வாங்குகிற வீடு எங்களுடையது. காய்ச்சல் என்றால் "போய் ஊசி போட்டுட்டு வா" என்று அனுப்புகிறவரும் அதே சூப்பர்வைசர்தான். உடம்பு நோய்க்கும் மனநோய்க்கும் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்லுதுங்க.

ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்டு, சில வாரம் விடிய விடிய வேலை. அவருக்கு முடியாத இரவுகளில் நானும் தூங்குவதில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாரோ என்று தாழ்ப்பாள் பக்கமே காது இருக்கும். தூங்காத கண்ணுக்குத் துணியில் ஓட்டையும் தெரியாது, எண்ணெய்க் கறையும் தெரியாது. டாக்டரம்மா ஒரு தடவை அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ எத்தனை மணிக்குச் சாமி படுக்கற?" என்றார். பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அதற்கப்புறம்தான் வாரத்தில் ஒரு சாயங்காலம் நாத்தனாரை அவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு, அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குகிறேன். ஊரில் சிலர் அதையும் ஒரு மாதிரி பேசுகிறார்கள். நான் படுக்கையில் விழுந்தால் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லைங்க.

அதனால் கேட்கிறேன். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் மதியத்துக்கு மேல் வர விடுங்க. அரை ஷிப்டு கூலியே போதும். வீட்டில் நோயாளி இருக்கிறவர்களை நைட்டுக்குக் கட்டாயப்படுத்தாதீங்க. சாப்பிடுகிற இடத்துச் சுவரில் 14416 என்று பெரிதாக எழுதிப் போடுங்க. அது அரசின் டெலி மானஸ் எண். காசில்லாமல், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பார்த்துக்கொள்கிறவர்களும் பேசலாம்.

முக்கியமாக, கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பணம் கட்டுங்க. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு அது உரிமை. குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. தொழிலாளிக்கே மனச்சிதைவு போன்ற நோய் வந்தால், உரிய காலம் பணம் கட்டியிருக்கும் பட்சத்தில், சம்பளத்தில் 80 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். என் வீட்டுக்காரர் பீஸ் ரேட்டில், தைக்கிற உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று தைத்தார். அவர் பேரில் யாரும் கட்டவில்லை.

வருகிற சனிக்கிழமை சம்பளம் போடும்போதே உங்கள் சூப்பர்வைசர்களிடம் இதைச் சொல்லிவிடுங்க.

இப்படிக்கு,
செக்கிங் பெண் ஒருத்தி,
திருப்பூர்