கேமரா பை கையோடு வரட்டும்

விமான நிறுவனங்களில் கேபின் பைக்கான விதிகளை வகுப்பவர்களுக்கும், அந்த விதிகளோடு போர்டிங் கேட்டில் நிற்பவர்களுக்கும்,

வணக்கம்.

பறவைகளைப் படம் எடுப்பது என் தொழில். வருடத்தில் பாதி நாள் பயணத்திலேயே கழிகிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு விமானத்தில் ஏறப் போனபோது நடந்த ஒன்றுதான் இந்த மடலுக்குக் காரணம். அன்றைக்கே எழுதியிருந்தால் வெறும் ஆத்திரமாக முடிந்திருக்கும். ஆறப்போட்டேன். விதிகளையும் டிக்கெட் நிபந்தனைகளையும் பொறுமையாகப் படித்தேன். அப்புறம்தான் எழுத உட்கார்ந்தேன்.

அது சின்ன விமானம். கேட்டில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அங்கிருந்த ஊழியர் என் முதுகுப் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். “கனமா இருக்கே சார்” என்று தராசில் வைத்தார். 8 கிலோ 300 கிராம். அந்த நிறுவனத்தின் வரம்பு 7 கிலோ. “கீழ போட்டுடலாம்” என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியில் டேக்கைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். உள்ளே கேமரா இருக்கிறது, பேட்டரிகள் இருக்கின்றன என்றேன். “பேட்டரியை மட்டும் எடுத்துக்கோங்க, சீக்கிரம்” என்றார்.

தரையில் மண்டியிட்டு ஜிப்பைத் திறந்தேன். பேட்டரிகள் ஐந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அறையில். எடுத்து எடுத்து பேன்ட் பைக்குள் திணித்தேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். 600 மிமீ லென்ஸை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், ஒரு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இரண்டாவது கேமராவையும் 70-200 மிமீ லென்ஸையும் எடுப்பதற்குள் பை போய்விட்டது. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேட்டரிகள் கிடந்த அதே பேன்ட் பையில் வீட்டுச் சாவிக்கொத்தும் இருந்ததைக் கவனித்தேன். மூடியில்லாத லித்தியம் பேட்டரியின் முனையும் உலோகச் சாவியும் ஒன்றாகக் கிடக்கவே கூடாது. இரண்டு முனைகளையும் சாவி இணைத்தால் அங்கேயே ஷார்ட் சர்க்யூட். அதனால்தான் உதிரி பேட்டரியின் முனைகளை மூடி, தனித்தனியாக வைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பாதுகாப்பின் பெயரால் என்னை அவசரப்படுத்திய அந்த இரண்டு நிமிடங்களில், பையில் தனித்தனி அறைகளில் இருந்த பேட்டரிகள் ஆபத்தான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன.

அந்த ஊழியரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு விமானம் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். தராசு காட்டியதை அவர் கண்டுகொள்ளாமல் விட முடியாது. என் வருத்தமெல்லாம் அவர் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் விதிகளைப் பற்றித்தான். ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் விதிகள் அவை.

உதிரி லித்தியம் பேட்டரிகள் சரக்கறைக்குப் போகக் கூடாது, பயணியோடு கேபினில்தான் வர வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. பேட்டரி தேக்கும் ஆற்றலை வாட்-அவரில் அளக்கிறார்கள்; 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை உங்கள் ஒப்புதல் வேண்டும், அதுவும் உதிரி இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணியின் பையில் இடமே இல்லை. என் கேமராவின் பேட்டரி 7.2 வோல்ட், 2,130 மில்லி ஆம்பியர்-அவர். பெருக்கிப் பார்த்தால் சுமார் 15 வாட்-அவர்தான். இந்த விதி சரியானது, எனக்கு அதில் எந்தப் புகாரும் இல்லை. சரக்கறையில் உள்ள தீயணைப்பு வாயு சுடரை அடக்கும். ஆனால் ஒரு பேட்டரி உள்ளுக்குள் சூடேறி, அந்தச் சூடு பக்கத்து பேட்டரிக்குத் தாவத் தொடங்கிவிட்டால் வாயுவால் நிறுத்த முடியாது. கேபினில் என்றால் புகை வந்ததுமே பார்க்க ஆள் உண்டு, தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க முடியும். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யூபிஎஸ் பார்சல் நிறுவனத்தின் சரக்கு விமானத்தில், லித்தியம் பேட்டரிகளும் இருந்த சரக்கில் தீப்பிடித்து, விமானம் விழுந்து, விமானிகள் இருவரும் உயிரிழந்தார்கள். பேட்டரியைக் கையோடு கொண்டுவரச் சொல்வது சும்மா இல்லை.

சரி, இரண்டாவது விதிக்கு வருகிறேன். உடையக்கூடியதையும் விலை உயர்ந்ததையும் செக்-இன் பையில் வைக்காதீர்கள், வைத்தால் பொறுப்பேற்க மாட்டோம் என்று உங்களில் பலருடைய நிபந்தனைகளில் இருக்கிறது. கேமரா என்றே பெயர் சொல்லி எழுதியிருப்பவர்களும் உண்டு. அதுவும் நியாயம்தான். நானும் கேமராவைக் கீழே அனுப்ப விரும்புகிறவன் இல்லை.

மூன்றாவது, 7 கிலோ.

முதல் இரண்டு விதிகளின்படி என் கருவிகள் அத்தனையும் மேலே வர வேண்டும். மூன்றாவது விதிப்படி வர முடியாது. என் பையில் இருந்ததையே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கேனான் ஆர்5 கேமரா, பேட்டரியும் கார்டும் சேர்த்து 738 கிராம். அது இரண்டு. 600 மிமீ எஃப்/4 லென்ஸ் 3,090 கிராம். 70-200 எஃப்/2.8 லென்ஸ் 1,070 கிராம். இதற்கே ஐந்தரைக் கிலோ தாண்டிவிட்டது. அடி தாங்கும் பஞ்சு வைத்த நல்ல கேமரா பை காலியாகவே 2 கிலோ வரும். பேட்டரி, சார்ஜர், கார்டு எல்லாம் அதற்கு மேல். ஆடம்பரத்துக்கு ஒரு பொருள்கூட அதில் இல்லை. மாற்றுத் துணியெல்லாம் செக்-இன் பெட்டியில் கீழேதான் போனது. எடையைக் குறைக்க பஞ்சு இல்லாத மெலிந்த பையில் லென்ஸைக் கொண்டுவருகிறவர்களை எனக்குத் தெரியும். கேட்டில் அந்தப் பையைக் கேட்டு வாங்கிவிட்டால் உள்ளே இருப்பதற்கு என்ன பாதுகாப்பு?

எடை வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலைக்கு மேலே உள்ள பெட்டி எவ்வளவு தாங்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கனமான பை சரிந்து ஒருவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பணிப்பெண்கள் நாள் முழுக்க மற்றவர் பைகளைத் தூக்கித் தூக்கித் தோள்வலியோடு வேலை பார்ப்பதையும் பார்த்திருக்கிறேன். என் பையை நானேதான் தூக்கி வைப்பேன். முன்சீட்டுக்குக் கீழே வைக்கச் சொன்னால் கால் நீட்ட இடமில்லாமல் ஆறு மணி நேரம் உட்காரவும் தயார், எத்தனையோ முறை அப்படி வந்திருக்கிறேன்.

அந்த 70-200 லென்ஸுக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. இறங்கிய இடத்தில் பை பெல்ட்டில் வந்தது. திறந்து பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. ஆட்டிப் பார்த்தேன், சத்தமில்லை. ஃபோகஸ் ஆனது. நிம்மதியாகக் காட்டுக்குள் போய்விட்டேன். நான்காம் நாள் இரவு மடிக்கணினியில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: எல்லாப் படத்திலும் இடது ஓரம் மட்டும் கலங்கியிருந்தது. வலது ஓரத்தில் ஒவ்வொரு புல்லும் தெளிவு. இடது பக்கம் தண்ணீருக்குள் பார்த்ததுபோல. லென்ஸில் ஒளி நுழையும் துவாரமான அப்பர்ச்சரை எஃப்/11 வரை சுருக்கிப் பார்த்தும் சரியாகவில்லை. லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளில் ஒன்று அடிபட்டுத் தன் மையத்திலிருந்து மயிரிழை விலகினால் இப்படித்தான் ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. நான்கு நாள் படங்கள். அந்தப் பறவைகள் அதே இடத்துக்கு மறுபடி வர அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும்.

சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது பத்தாம் நாள். அன்றே புகார் அனுப்பினேன். பை கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவில்லை, கேமராக் கருவிகளுக்குப் பொறுப்பில்லை என்று நிபந்தனையும் இருக்கிறது என்று பதில் வந்தது. 7 நாள் என்பது சர்வதேச விமானப் பயண இழப்பீடு பற்றிய 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இருப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் கேமராவைக் கீழே அனுப்பாதே என்ற நிபந்தனையை நான் மீறவில்லையே. என் கையிலிருந்து வாங்கி அனுப்பியது நீங்கள்தானே?

அதே ஒப்பந்தத்தின்படி ஒரு பயணியின் பைகளுக்கு அதிகபட்ச இழப்பீடு இப்போது 1,519 எஸ்டிஆர். 2024 டிசம்பர் 28 முதல் இந்த வரம்பு, அதற்கு முன் 1,288. எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் நல்ல டெலி லென்ஸ் ஒன்றின் விலையே இந்த வரம்பைத் தாண்டிவிடும். பையை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பை அறிவித்து, கூடுதல் கட்டணம் கட்டினால் வரம்பை உயர்த்திக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் வழி காட்டுகிறது. செக்-இன் கவுன்ட்டரில் அதைச் செய்யலாம். கேட்டில் டேக்கைச் சுற்றி இரண்டு நிமிடத்தில் பையைக் கொண்டுபோகும் இடத்தில் அதற்கு ஏது வழி?

இசைக் கலைஞர்களும் இதே சிரமத்தைப் பட்டவர்கள். அவர்களுக்காக அமெரிக்காவில் 2012-இல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். வயலின், கிட்டார் போன்ற சின்ன வாத்தியங்களுக்கு, பயணி ஏறும் நேரத்தில் பாதுகாப்பாக வைக்க இடமிருந்தால், கேபினில் அனுமதிக்க வேண்டும். சாதாரண கைப்பைக்கு வாங்குவதைவிட அதிகமாகக் கட்டணமும் வாங்கக் கூடாது. 2015 மார்ச்சில் அதற்கான விதி நடைமுறைக்கு வந்தது. வாத்தியம் ஒருவரின் பிழைப்பு, கீழே போட்டால் உடையும் என்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கேமராவும் அப்படித்தான். போதாக்குறைக்கு, கீழே போகவே கூடாத பேட்டரிகளையும் கூடவே வைத்திருக்கிறது.

நான் கேட்பது இதுதான். அளவுக்குள் அடங்கும் கேமரா பைக்கு 10 கிலோ வரை இடம் கொடுங்கள். இலவசமாக வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே அதற்கென்று ஒரு கட்டணம் வையுங்கள், கட்டுகிறோம். உங்களில் சிலர் இப்போதே 10 கிலோ வரை விடுகிறீர்கள், சிலர் 8, சிலர் 7. முதல் விமானத்தில் செல்லுபடியான பை, மாறி ஏறும் இரண்டாவது விமானத்தில் செல்லாமல் போகிறது, டிக்கெட் என்னவோ ஒன்றுதான். பையின் அளவிலும் இதே கதை. 2015-இல் விமான நிறுவனங்களின் சர்வதேச சங்கமான ஐயாட்டா 55 × 35 × 20 செ.மீ. என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவைப் பரிந்துரைத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தது. மறுபடி உட்கார்ந்து பேசினால் என்ன?

இடமே இல்லை, கீழேதான் போக வேண்டும் என்ற நிலையும் வரும். அப்போது டேக்கை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “உள்ளே பேட்டரியோ உடையும் பொருளோ இருக்கிறதா?” இருக்கிறது என்று சொல்பவருக்கு ஐந்து நிமிடமும் ஓர் ஓரத்தில் மேஜையும் கொடுங்கள். தரையில் மண்டியிட வைக்காதீர்கள். பையை விமானக் கதவருகே கையில் வாங்கி, இறங்கும்போது அங்கேயே கையில் கொடுங்கள். குழந்தைகளின் தள்ளுவண்டியைப் பல இடங்களில் அப்படித்தானே தருகிறீர்கள். நீங்களாக வாங்கிய பைக்கு, கேமராவுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையைக் காட்டாதீர்கள். வெளியே தெரியாத சேதத்துக்கு 7 நாளைக் கடந்து வந்த புகாரையும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் மனது வைத்தால் அதை ஏற்பதற்கு எந்த ஒப்பந்தமும் தடையில்லை.

எங்கள் பக்கத்திலும் தவறு உண்டு. ஒருவருக்கு ஒன்று என்ற இடத்தில் மூன்று பைகளோடு வந்து, மேலே இருக்கும் பெட்டி முழுவதையும் அடைத்துக்கொள்ளும் படக்காரர்களை நானும் பார்த்திருக்கிறேன். கேமராவைத் தாங்கும் முக்காலியான டிரைபாடையும் கையோடு கொண்டுவந்துதான் ஆவேன் என்று சண்டை போடுவதும் தேவையில்லை, துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்தால் அது கீழே பத்திரமாக வரும். பேட்டரிகளை உறையில்லாமல் பை முழுக்கச் சிதறவிட்டு வைத்திருந்தது என் தவறு. அதைத் திருத்திக்கொண்டேன்.

அடுத்த மாதம் மறுபடி கிளம்புகிறேன். ஐந்து பேட்டரிகளுக்கும் முனையை மூடும் உறை வாங்கிவிட்டேன். எல்லாம் ஒரே சின்னப் பையில், கேமரா பையின் மேல் அறையில் இருக்கும், ஒரே கையால் எடுத்துவிடலாம். கைப்பிடியில் ஓர் அட்டையும் கட்டியிருக்கிறேன்: ‘கேமரா, லென்ஸ், உதிரி லித்தியம் பேட்டரி உள்ளே.’ டேக்கைச் சுற்றுவதற்கு முன் அதை ஒருமுறை படித்துப் பார்க்கும்படி கேட்டில் நிற்பவர்களிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளில் ஒருவன்